பன்னிரண்டாவது பங்கு

அந்த உலகத்துக்குச் சூரியன் கிடையாது. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு சூரியனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பின மாதிரி, அது பாட்டுக்கு வெட்டவெளியில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கும் கும்மிருட்டு, மத்தியானம் ஒரு மணிக்கும் அதே கும்மிருட்டு. கப்பலில் வந்து இறங்கியிருந்த மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பல் விளக்கினார்கள், சாப்பிட்டார்கள், படுத்தார்கள்.

இருட்டாக இருந்தாலும் அது செத்த உலகம் இல்லை. தரைக்கு அடியில் சூடு இருந்தது. அங்கங்கே பாறை வெடித்து, வெடிப்பிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பும். ஆவியைச் சுற்றிப் பாசி, பாசியை மேய யானை அளவுக்குப் பிராணிகள். அந்தப் பிராணிகளைத் துரத்திக்கொண்டு கையில் நீளமான கழிகளோடு ஓடும் உருவங்களையும் தொலைநோக்கியில் நாலைந்து தடவை பார்த்திருந்தார்கள். வேட்டைக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். கிட்டே போகக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டிருந்தார்.

கேப்டன் ஐம்பது வயது அம்மாள். எதையும் ஒரு தடவைதான் சொல்வார், அதையும் பாதிதான் சொல்வார். இரண்டாவது ஆள் வண்டிக்காரன். பன்னிரண்டு சக்கரம் வைத்த பெரிய வண்டியை ஓட்டுவதும், அது படுத்துக்கொண்டால் எழுப்புவதும் அவன் வேலை. கெட்டிக்காரன், ஆனால் மூக்கு நுனியில் கோபம். மூன்றாவது ஆள் கல்லையும் மண்ணையும் ஆராய்கிறவர். அவர் வண்டிக்காரனுடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் கூப்பிடுவதில்லை. ‘சட்டம்’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். வேற்று உலகத்துக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று ஒரு விதிப் புத்தகம் இருக்கிறதே, அதில் பாதியை எழுதினவரே அவர்தான். அதில் நாலாவது விதி அவருக்கு உயிர். எதையும் கொடுக்காதே, எதையும் வாங்காதே, எடுத்தால் எடுத்த இடத்தில் வை.

அன்றைக்குக் காலையில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை. விஷயம் இதுதான். முந்தின நாள் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக் கப்பலுக்குத் திரும்பி வந்தபிறகு, ஏழாவது சக்கரத்தின் இடுக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கல் மாட்டிக்கொண்டிருந்ததைச் சட்டம் கண்டுபிடித்துவிட்டார். திரும்ப இரண்டு மணி நேரம் போய் அதை அங்கேயே போட்டுவிட்டு வர வைத்தார். வண்டிக்காரன் ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

“இன்னைக்கு நான் எங்கயும் வர்றதா இல்லை மச்சான். வண்டிக்கும் ஓய்வு, எனக்கும் ஓய்வு.”

“வேலை கிடக்கே மாப்பிள்ளை.”

“கிடந்தா நீங்க போங்க. சின்ன வண்டி இருக்கு. துணைக்கு உங்க சட்டத்தையே கூட்டிக்கிட்டுப் போங்க.”

சின்ன வண்டியில் பத்து கிலோமீட்டர் வரைக்கும் ஒருத்தர் தனியாகப் போகலாம் என்று விதி இருந்தது. அவர் காற்றுடையை மாட்டிக்கொண்டு, முதுகில் காற்றுக் குடுவையைப் பொருத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இவனும் பார்க்கவில்லை.

மத்தியானம் கேப்டன் மேஜைமேல் மூன்று தட்டு எடுத்து வைத்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

“மாப்பிள்ளை... பதறாதீங்க. முதல்ல நான் சொல்றதை முழுசாக் கேளுங்க.”

பதறாதே என்று ஒருத்தர் ஆரம்பித்தால் யாருக்குத்தான் பதறாது?

நடந்தது இது. சட்டம் ஒரு மேட்டைத் தாண்டி இறங்கும்போது இருட்டிலிருந்து மலை மாதிரி ஒரு பிராணி தலைதெறிக்க ஓடி வந்து சின்ன வண்டியில் இடித்திருக்கிறது. வண்டி குட்டிக்கரணம். பிராணியும் கால் முறிந்து விழுந்துவிட்டது. அதைத் துரத்தி வந்த வேட்டைக்காரர்கள் கழியால் குத்தி அதன் கதையை முடித்துவிட்டு, இப்போது அவரைச் சுற்றி வளைத்து நிற்கிறார்கள்.

“அடி பட்டிருக்கா?” என்றார் கேப்டன்.

“கால் பிசகியிருக்கு, அது பரவாயில்லை. குடுவை நசுங்கிக் காத்து கசியுது. ஒரு மணி இருபது நிமிஷம் தாங்கும். நான் எந்தப் பக்கம் போனாலும் வழிமறிக்கிறாங்க கேப்டன். மாப்பிள்ளை, தங்கச்சிகிட்ட...”

அவ்வளவுதான். கரகரப்புக்கூட நின்றுவிட்டது. மேட்டுக்கு அப்பாலிருந்தும் பேசுகிற கருவி, தனியாகப் போகிறவருக்கென்று சின்ன வண்டியில் மட்டும்தான் இருந்தது; அதுவும் போய்விட்டது.

இடத்தைக் கணக்குப் போட்டார் கேப்டன். பெரிய வண்டியில் போனால் முக்கால் மணி நேரம். கப்பலை விட்டு இரண்டு பேரும் போக முடியாது. சுவரிலிருந்து வெடிகுழலை எடுத்து வண்டிக்காரன் கையில் வைத்தார். “கடைசியாத்தான்” என்றார். “மேட்டைத் தாண்டிட்டா உன் பேச்சு எனக்குக் கேக்காது. போ.”

அவன் போனானா, பறந்தானா என்று வண்டிக்கே தெரியாது. பன்னிரண்டு சக்கரமும் பாறைக்குப் பாறை தாவின. ‘என் வாயில கொள்ளி வைக்க, தனியாப் போங்கன்னு சொன்னேனே! இவர் போயிட்டா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?’ ஊரிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு அவன் மனைவி அழவில்லை. வாசல்வரைக்கும் வந்து, “எங்க அண்ணன் எல்லாத்தையும் பாத்துக்குவாரு, அவரை மட்டும் பாத்துக்க மாட்டாரு. நீங்க பாத்துக்குங்க” என்றாள். அவன் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் இப்போது அவன் நெஞ்சை அறுத்தது.

மேட்டைத் தாண்டியதும் விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. செத்த பிராணி ஒரு குன்று போலக் கிடந்தது. பக்கத்தில் பாறை வெடிப்பிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வேட்டைக்காரர்கள் வட்டமாக மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் பதினோரு பேர். நாலு கால், இரண்டு கை, மனுஷனைப்போல ஒன்றரை மடங்கு உயரம். கண் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்த இருட்டில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முகம் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய தோல் ஒன்று விசிறி மாதிரிப் படபடத்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பித் திருப்பித்தான் சூட்டை மோப்பம் பிடித்தார்கள் போலிருக்கிறது.

வட்டத்தில் பன்னிரண்டாவது ஆளாக, கவிழ்ந்த சின்ன வண்டிமேல் சட்டம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

வண்டிக்காரன் தன் காற்றுடையை மாட்டிக்கொண்டு, வெடிகுழலைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கினான். ஒரு வேட்டைக்காரன் முகத் தோலை அவன் பக்கம் திருப்பினான். கொஞ்சம் நகர்ந்து வழி விட்டான். அவ்வளவுதான்! பேருந்தில் ஏறுகிறவனுக்கு வழி விடுகிற மாதிரி.

“மச்சான்! உயிரோட இருக்கீங்களா?”

“இருக்கேன். முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு இருப்பேன்.” காற்றுடைக்குள் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் அவர் குரல் தேய்ந்து கேட்டது.

“வேற குடுவை கொண்டாந்திருக்கேன். திரும்புங்க.”

“பிரயோஜனமில்லை. குடுவை மாட்டுற வாயே நசுங்கிடுச்சு. உடையைக் கழட்டித்தான் மாத்தணும். வண்டிக்குள்ள போனாத்தான் கழட்ட முடியும்.”

“அப்ப எந்திரிங்க, போகலாம்!”

தோளில் கை போட்டு அவரைத் தூக்கி நிறுத்தி இரண்டு அடி வைத்தான். டப் டப்பென்று இரண்டு கழிகள் குறுக்கே விழுந்தன. குத்தவில்லை, அடிக்கவில்லை. மறித்தன, அவ்வளவுதான். வண்டிக்காரன் அவரை உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் நடந்து பார்த்தான். கழி எழுந்து வழி விட்டது. திரும்பி வந்தான். அப்போதும் வழி விட்டது. அவரோடு கிளம்பினால் மட்டும் டப் டப்.

“அவங்களுக்கு நீங்கதான் வேணும் போல இருக்கு மச்சான்.” வெடிகுழலை நேரே எதிரில் இருந்த பெரிய வேட்டைக்காரன்மேல் குறி வைத்தான். “நான் ஒண்ணு போடுறேன். சிதறி ஓடும்போது நாம கிளம்பிடலாம்.”

“வேண்டாம்! அவங்க என்னை ஒண்ணும் பண்ணலை.”

“பண்ணின பிறகு சொல்லுவீங்களா?”

விரல் விசையில் இருந்தது. அழுத்தியிருப்பான், சத்தியமாக அழுத்தியிருப்பான். ஆனால் அந்தப் பெரிய வேட்டைக்காரனின் கைகள் நடுங்கிக்கொண்டிருப்பது அவன் கண்ணில் பட்டது. பயத்தில் நடுங்குகிறதா? இல்லை. முகத் தோல் கீழே தரையை நோக்கித் திரும்பித் திரும்பிப் போனது. அங்கே தட்டைக் கல்மேல் ஒரு கறித்துண்டு இருந்தது. பக்கத்தில் இருந்தவன் முன்னாலும் ஒன்று. அடுத்தவன் முன்னாலும் ஒன்று. வண்டிக்காரன் மெல்லத் தலையைத் திருப்பி எண்ணினான். பதினோரு பேருக்கும் அளந்து வெட்டின மாதிரி ஒரே அளவில் பதினோரு துண்டு. எல்லாவற்றிலும் ஆவி பறந்தது. ஒருத்தர்கூடத் தொடவில்லை. வயிறு ஒட்டிப் போயிருக்கிறது, கை நடுங்குகிறது, ஒருத்தர்கூடத் தொடவில்லை.

சட்டத்தின் காலடியிலும் ஒரு துண்டு இருந்தது.

“மச்சான், இது என்ன?”

“கறி. வந்ததிலிருந்து அதைத்தான் என்கிட்ட நீட்டிக்கிட்டே இருக்காங்க. நாலாவது விதி. வாங்கலை. கையைக் கட்டிக்கிட்டேன்.”

வண்டிக்காரன் வெடிகுழலைக் கீழே இறக்கினான். அவனுக்குச் சிரிப்பதா, அவரைப் பிடித்து நாலு சாத்து சாத்துவதா என்று புரியவில்லை.

“அட என் மச்சானே! இது உங்க பங்கு! அந்தப் பிராணியை விழ வச்சது யாரு? நீங்கதானே? வேட்டையில நீங்களும் ஒரு ஆளு. நீங்க கை வைக்காம அவங்க கை வைக்க மாட்டாங்க. பங்கு வாங்காம உங்களை அனுப்பவும் மாட்டாங்க.”

“நான் எங்க வேட்டையாடினேன்? அது விபத்து.”

“அதை அவங்ககிட்ட சொல்லுங்களேன் பாக்கலாம்!”

சொல்லிக்கொண்டே குனிந்து, அவருக்குப் பதிலாகத் தானே அந்தத் துண்டை எடுத்தான். பெரிய வேட்டைக்காரன் எழுந்து வந்தான். குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரிப் பதமாக வாங்கி, மறுபடியும் சட்டத்தின் காலடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். வண்டிக்காரன் வேட்டைக்கு வந்தவன் இல்லையே.

“பாத்தீங்களா? நீங்கதான் எடுக்கணும். எடுங்க மச்சான். இருபத்தி ரெண்டு நிமிஷம் இருக்கு.”

சட்டம் தலையை ஆட்டினார். வண்டிக்காரனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“உங்க பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லையா? உயிரு போகப் போகுது, இவரு விதி பேசுறாரு! செத்த பிறகு சட்டத்தைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“கத்தாதீங்க மாப்பிள்ளை. கேளுங்க.” அவர் மூச்சு வாங்கினார். “உங்களுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடி, வேற ஒரு உலகத்துல, இப்படித்தான் ஒரு கூட்டம் எங்களுக்கு ஒரு கிண்ணம் குடுத்துச்சு. ஆசையா வாங்கிக்கிட்டேன். தண்ணி குடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தேன். பத்தாவது நாள் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்கூட எந்திரிக்கலை. என் கையிலிருந்த கிருமி. நமக்கு அதால ஒரு சளிகூடப் பிடிக்காது. நாலாவது விதியை நான் எழுதினது அதுக்கப்புறம்தான். இதுவரைக்கும் வீட்டுல யாருக்கும் சொன்னதில்லை. இவங்களுக்கும் அப்படி ஆகுறதுக்கு நான் காத்தில்லாமயே போயிடுறேன்.”

நகம் அளவு கல்லுக்காக நாலு மணி நேரம் அலைய விட்டதற்கு மனதுக்குள் எத்தனை வசவு வைதிருப்பான்! எல்லாம் சேர்ந்து இப்போது அவனையே திருப்பி அடித்தது. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் ஆவியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பாறை வெடிப்பிலிருந்து அது விடாமல் சீறிக்கொண்டிருந்தது. திடீரென்று துள்ளி எழுந்தான்.

“மச்சான், கப்பல்ல கல்லு எடுக்கிற இடுக்கியை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?”

“கொதி ஆவியில மூணு நிமிஷம்.”

“மூணு நிமிஷம் காட்டினா?”

“எந்தக் கிருமியும் நிக்காது.”

“இது என்ன, ஆவி இல்லையா?”

சட்டம் நிமிர்ந்து பார்த்தார். மணிக்கட்டில் இருந்த மானியை ஆவிப் பக்கம் நீட்டினார். சூடு போதும், போதுமானதுக்கு மேலேயே இருந்தது. ஆனாலும் கையை மறுபடியும் கட்டிக்கொண்டார்.

“வாங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு மாப்பிள்ளை.”

“எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அடிச்சுத் திருத்துங்க! எழுதினவருக்கு இல்லாத உரிமை வேற எவனுக்கு இருக்கு? கிருமிக்குப் பயந்து எழுதினீங்க. கிருமியைப் போக்கிட்டா அப்புறம் என்ன பயம்? பதினோரு பேர் பசியோட உக்காந்திருக்காங்க மச்சான். நீங்க சாக முடிவு பண்ணினா, இதுங்க உங்க பொணத்தைச் சுத்தி உக்காந்து பட்டினியிலயே சாகும். நானும் கூட உக்காருவேன். உங்களை இங்க விட்டுட்டு உங்க தங்கச்சி முன்னாடி போய் நிக்க என்னால ஆகாது. என்னால ஆகவே ஆகாது!”

கடைசி வார்த்தை உடைந்து வந்தது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

சட்டம் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். “எத்தனை நிமிஷம்?”

“எட்டு.”

“பிடிங்க.”

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போய் உறையோடு இரண்டு கைகளையும் ஆவியில் நீட்டினார். அட, அவசரம் என்றால் இரண்டு நிமிஷத்தில் முடிக்கலாமே, மனுஷன் விட்டாரா? புறங்கை, உள்ளங்கை, விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வாய்விட்டு நூற்றெண்பதுவரை எண்ணினார். பக்கத்தில் நின்ற வண்டிக்காரனுக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது.

வேட்டைக்காரர்களின் முகத் தோல் அத்தனையும் அவர் கைகள் பக்கம் திரும்பியிருந்தன. ஐம்பது எண்ணும்போது பெரிய வேட்டைக்காரன் எழுந்து வந்து, தன் இரண்டு கையையும் ஆவியில் நீட்டினான். முகத் தோலை அவர் பக்கம் நீட்டி நீட்டி அதே மாதிரித் திருப்பினான். பிறகு இன்னொருத்தன். பிறகு மற்றவர்கள். விருந்தாளி வீட்டு வழக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ, பதினோரு பேரும் வரிசையில் நின்று கை கழுவினார்கள். வண்டிக்காரனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“நூத்தி எண்பது” என்றார் சட்டம். நொண்டி வந்து, குனிந்து, தன் பங்கை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

பதினோரு கழிகளும் ஒரே சமயத்தில் தரையைத் தட்டின. அந்தத் தட்டல் வண்டிக்காரனின் உள்ளங்காலில் ஏறி நெஞ்சுவரைக்கும் வந்தது. அடுத்த நொடி எல்லோரும் தத்தம் துண்டின்மேல் பாய்ந்தார்கள். அப்படி ஒரு பசி! ஒருத்தரும் இவர்கள் பக்கம் முகத் தோலைத் திருப்பவில்லை. வட்டம் திறந்து கிடந்தது.

சட்டம் நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் சரிந்தார். வண்டிக்காரன் தாங்கிப் பிடித்தான், ஆனால் காற்றுடையோடு அவர் பாறை மாதிரிக் கனத்தார். அவன் இழுக்க முடியாமல் திணறும்போது பின்னாலிருந்து இரண்டு நீளக் கைகள் வந்து அவரை அலாக்காகத் தூக்கின. பெரிய வேட்டைக்காரன்தான். தின்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். வண்டிக் கதவுவரைக்கும் தூக்கி வந்து கிடத்தினான். வழியில் விழுந்த கறித்துண்டை மறக்காமல் எடுத்து வந்து அவர் மார்பிலேயே திரும்ப வைத்தான். திரும்பிப் போனபோது மறுபடியும் கையை ஆவியில் காட்டிவிட்டுத்தான் தின்ன உட்கார்ந்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வாயில் ஊட்டியே விட்டிருப்பான்.

கதவை மூடி, கறியைப் பெட்டியில் போட்டு அடைத்து, உள்ளே காற்று நிரம்பியதும் வண்டிக்காரன் தன் தலைக்கவசத்தையும் அவருடையதையும் பிடுங்கி எறிந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. “மச்சான்! மச்சான்!” கன்னத்தில் தட்டினான். தட்டினது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

“அடிக்காதீங்க” என்றார் சட்டம், கண்ணைத் திறக்காமலே.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வண்டிக்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஐந்து வயசுப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னான், “நான்தான் மச்சான் கோவத்துல உங்களைத் தனியா அனுப்பினேன்.”

“நானும் கோவத்துலதான் போனேன். பத்து கிலோமீட்டர்தான் விதி. பதினாலு போயிட்டேன்.” கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். “ரொம்பப் பயமா இருந்துச்சு மாப்பிள்ளை.”

“எனக்கும்தான்.”

வண்டி மெதுவாகக் கிளம்பியது. இந்தத் தடவை ஒரு பாறையிலும் அவன் இடிக்கவில்லை. மேட்டுக்குமேல் ஏறினதும் ஒலிபெருக்கி கரகரத்தது. இத்தனை நேரமும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார் போலிருக்கிறது, கேப்டனுடைய குரல் கம்மிப் போயிருந்தது.

“எத்தனை பேர் வர்றீங்க?”

வண்டிக்காரன் வாயைத் திறப்பதற்குள் சட்டம் முந்திக்கொண்டார். “ரெண்டு பேரும் வர்றோம் கேப்டன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை ஒரு தரம் கேட்டது. மணி மூன்றாகப் போகிறது.

“சீக்கிரம் வாங்க” என்றார் கேப்டன். “நான் இன்னும் சாப்பிடலை.”